செவுளில் ஒட்டிய குருணை

இன்னும் ஐந்தாறு பேர் பேசி முடித்தால் தன் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று கொம்பையாவுக்குத் தெரியும். அதற்குள் காலடியில் இருக்கும் வாளியை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஈரச் சாக்கு போட்டு மூடிய வாளி. உள்ளே ஐஸ் கரைந்துகொண்டிருக்க, கெண்டையும் உளுவையுமாகச் செத்த மீன்கள் வாயைப் பிளந்து கிடந்தன. சாக்கின் ஓரத்தில் ஒரு ஈ உட்காருவதும் எழும்புவதுமாக இருந்தது. கல்யாண மண்டபம். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற மேடையில் நீள மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். நடுவில் மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி, அவருக்கு இந்தப் பக்கம் எழுதிக்கொள்ளுகிற ஆட்கள், அந்தப் பக்கம் காகித அட்டை ஆலைக்காரர்கள். ஆலை தன்னை இரண்டு மடங்காக்கப் போகிறது. ஊரைக் கேட்டோம் என்று ஒரு சடங்கு வேண்டும், அதற்காகக் கேட்கிறார்கள். இப்போதே கிணற்றுத் தண்ணீரில் சோறு மஞ்சளாக வடிகிறது, இரண்டு மடங்கானால் என்ன நிறத்தில் வடியும் என்று கொம்பையா தன் துண்டறிக்கையில் கேட்டிருந்தார். அந்தத் துண்டறிக்கைதான் மண்டபம் முழுக்க அசைந்துகொண்டிருந்தது. மின்விசிறி போதாமல் சனங்கள் அதை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். இளஞ்சிவப்புத் தாள். ஆயுசு முழுக்க எழுதியவர், தன் எழுத்து இத்தனை கைகளில் ஒரே நேரத்தில் ஆடிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொட்டை எழுத்துத் தலைப்பு தெரிந்து மறைந்தது. மீனின் செவுளில் ஆலையின் சீழ். முதலில் கொப்புளம் என்றுதான் எழுதினார். கொப்புளம் யாருக்கும் வரும், நாளைக்கு ஆறிவிடும், சீழ் என்றால்தான் வயிற்றைப் பிரட்டும் என்று அடித்து மாற்றினார். நல்ல சொல். அச்சுக் கோக்கிறவன்கூட அதைப் படித்துவிட்டு மூக்கைச் சுளித்தான். ஆனால் அது சீழ் இல்லை. நேற்று மத்தியானம் வரைக்கும் சீழாகத்தான் இருந்தது.

“அண்ணாச்சி, மீனைத் தூக்கி மேசையில போடும்போது செவுளைப் பிச்சு அந்தாளு மூஞ்சிக்கு நேரா காட்டுங்க” என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீக்கடைச் சொரிமுத்து. “நான் வீடியோ எடுக்கேன். பொழுது சாயுததுக்குள்ள மெட்ராஸ் வரைக்கும் போயிரும்.” பார்ப்போம் என்றார். “என்ன பாப்போம்? மைக்கு முன்னால ரெண்டு நிமிசம் ஒண்ணும் பேசாதிய. சும்மா நில்லுங்க. பொறவு சாக்கை உருவுங்க. நாத்தமே பாதி பேசிரும்.” தனக்கே பாடம் சொல்லிக் கொடுக்கிறான். அவனுக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்ததே கொம்பையாதான். ரேஷன் கடைக்கு முன்னால் புழு அரிசியைக் கொட்டியது யார், தாலுகா ஆபீஸ் வாசலில் பாடை கட்டி வைத்தது யார். வாய்ச்சொல்லை மட்டும் கொண்டு அதிகாரி முன்னால் போகாதே, எதையாவது தூக்கிக்கொண்டு போ, கையில் பொருள் இருந்தால்தான் அவன் கண் உன்மேல் விழும். அதற்காகத்தான் வாளி. அதற்காகத்தான் முந்தாநாள் சொரிமுத்துவின் மச்சினனை வலையோடு அனுப்பியது. அவன் மேற்கே தடுப்பணைப் பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தான். ஆலைக்குக் கிழக்கே வலையில் என்ன விழுகிறது, செருப்பும் பாலிதீனும்தான். மேற்கே என்றால் ஆலைக்கும் மேலே, ஆறு வருகிற பக்கம். அதை யாருமே யோசிக்கவில்லை. செவுளைப் பிளந்து பார்த்தார்கள், சிவப்பில் வெள்ளை வெள்ளையாகக் குருணை ஒட்டியிருந்தது, அவ்வளவுதான், துண்டறிக்கை மனசுக்குள் தானாக எழுதிக்கொண்டது. ஆறு ஒன்றுதானே என்று இருந்துவிட்டார்கள். ஆலைக்கு மேலே பிடித்த மீனில் ஆலைக் கழிவு எப்படி வரும். தண்ணீர் மேட்டில் ஏறுமா. இந்தக் கேள்வியை இப்போது யாராவது ஒருத்தன் எழுந்து கேட்டால் போதும். சின்னப் பையன் கேட்டால்கூடப் போதும். கொம்பையாவுக்கு அடிவயிற்றில் முட்டியது. கூட்டம் தொடங்குவதற்கு முன்னால்தான் போய்விட்டு வந்தார், அதற்குள் இன்னொரு தடவை. வயசானால் பயம் அங்கேதான் வந்து உட்காருகிறது போலிருக்கிறது. லத்திக்குப் பயந்ததில்லை. பாளையங்கோட்டைச் சிறையில் கொசுவுக்குப் பயந்ததில்லை. “தண்ணி குடிக்கியளா?” என்றான் சொரிமுத்து. “வேண்டாம்.” “தொண்டை கட்டிரப்போவுது. ஊரு மொத்தமும் இன்னைக்கு உங்க தொண்டைக்குள்ளதான் இருக்கு, பாத்துக்கிடுங்க.”

நேற்று அவரை யாரும் கல்லூரிக்கு வரச் சொல்லவில்லை. அவராகத்தான் போனார். அந்த அகம்பாவம்தான் கொண்டுபோய்விட்டது. மீனைப் பரிசோதித்து முத்திரை குத்திய ஒரு காகிதம் வாங்கிவிட்டால் மேடையில் இருப்பவன் வாயைத் திறக்க முடியாது என்று கணக்குப் போட்டார். விலங்கியல் துறையில் ஜெசிந்தா என்று ஒரு பெண் இருந்தாள், ஆராய்ச்சி மாணவி, முப்பது வயசுகூட இருக்காது, விரலெல்லாம் ஆற்று மண் காய்ந்த மாதிரி வெடிப்பு. செவுளில் ஒரு துணுக்கை வெட்டிக் கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கிக்கு அடியில் நகர்த்தினாள். “ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க ஐயா.” ஐயா. தோழர் என்று கூப்பிடு என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. முதலில் தன் இமைமயிர்தான் தெரிந்தது. அப்புறம் தெரிந்தது. சிப்பி. இரண்டு ஓடு உள்ள முழுச் சிப்பி, ஊசிமுனை அளவில், மீனின் சதைக்குள் மூடிக் கிடந்தது. மீனின் சதையே அதன்மேல் மெல்லிசாகப் படர்ந்து அதைப் போர்த்தியிருந்தது. “இது சீழ் இல்ல ஐயா. மட்டிக்குஞ்சு. ஆத்துல கிடக்குற மட்டிச் சிப்பியோட குஞ்சு.” அவர் நம்பவில்லை. மட்டி மணலில் கிடப்பது, மீனின் செவுளில் அதற்கு என்ன வேலை. அவள் சிரிக்கவில்லை, அதுதான் பொறுக்க முடியவில்லை, சிரித்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். தாய் மட்டி லட்சக்கணக்கில் குஞ்சுகளைத் தன் செவுளுக்குள்ளேயே வைத்து வளர்த்துத் தண்ணீரில் விட்டுவிடும், அவற்றுக்குக் கண் கிடையாது, கால் கிடையாது, நீந்தத் தெரியாது, வாயைத் திறந்துகொண்டு மிதக்கும், எதாவது மீன் வந்து உரசினால் கப்பென்று கவ்விக்கொள்ளும், மீன் கிடைக்காவிட்டால் சாவுதான், அநேகமாக எல்லாமே செத்துப்போகும் என்றாள். “அப்போ ஒட்டுண்ணி” என்றார் கொம்பையா. தனக்குத் தெரிந்த ஒரு சொல் வந்து சேர்ந்ததில் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவருடைய எந்தத் துண்டறிக்கையிலும் அந்தச் சொல் இல்லாமல் இருந்ததில்லை. உழைப்பவன் ரத்தத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணிக் கூட்டம். “ஆமா, இந்தப் பருவத்துல ஒட்டுண்ணிதான்” என்றாள் அவள். “ரத்தத்தை உறிஞ்சுமில்லா?” “பெரிசா ஒண்ணும் எடுத்துக்காது ஐயா. வளர்றதுக்கு வேணுங்கிறது கொஞ்சம். மத்தபடி சவாரிதான்.”

சவாரி. அங்கேதான் நேற்றிலிருந்து மனசு போய்ப் போய் மோதிக்கொண்டிருக்கிறது. மேடையில் ஒரு விவசாயி பம்ப்செட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், கொம்பையா காதில் சவாரி என்றுதான் விழுந்தது. மட்டி தானாக எங்கேயும் போகாது, ஆறு எதையும் கீழேதான் தள்ளும், மேலே போக வேண்டுமென்றால் மீன்தான் சுமந்து போக வேண்டும். போய்ச் சேருகிற இடத்தில் குஞ்சு உதிர்ந்து மணலில் விழுந்து தன் பாட்டுக்கு மட்டியாகிவிடும். சுமந்த மீனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. தெரியாது என்று அந்தப் பெண் சொன்னாள், மீனுக்குள் போய்ப் பார்த்தாளா. நூற்பாலையில் வேலைநிறுத்தம் தோற்று அவரை வெளியே தள்ளியபோது அவர் மனைவி ஆவுடையம்மாளுக்கு இருபது வயசு. அன்றைக்குப் பீடி சுற்றுகிற சுளவு முறத்தை மடியில் எடுத்து வைத்தவள். இலையை நனைத்து, வெட்டி, தூளைப் போட்டு, சுருட்டி, நூலைக் கட்டி, மறுபடியும் இலை. அவர் எழுதியது, பேசியது, மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறியது, அச்சுக்கூடத்துக்குக் கொடுத்தது, எல்லாம் அந்தச் சுளவிலிருந்து போனது. ஒரு தடவை மாநாட்டில் பீடி சுற்றும் பெண்களின் நெஞ்சுச் சளியைப் பற்றிப் பேசினார். மூச்சை இழுக்கும்போது கிழிந்த துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும் தோழர்களே என்றார். பந்தலே கைதட்டியது. அந்தச் சத்தத்தை அவர் எங்கே கேட்டார், பக்கத்துப் பாயில். ஊருக்குத் திரும்பி வந்து மாநாட்டில் நல்ல பேச்சு என்று அவளிடம் சொன்னார். என்ன பேசினிய என்று கேட்டாள். பொம்பளைகளைப் பத்தி என்றார். நல்லது என்று சொல்லிவிட்டு இருமினாள். ஒட்டுண்ணி என்று ஆலை முதலாளியை எழுதினார், கந்துவட்டிக்காரனை எழுதினார், கட்சியை விட்டுவிட்டு மணல் காண்டிராக்ட் எடுத்தவனை எழுதினார். எழுதியதெல்லாம் சரி. அதில் ஒரு எழுத்தைக்கூட இப்போதும் திருப்பி வாங்க மாட்டார். ஆனால் நேற்று அந்தக் கண்ணாடியில் குனிந்து பார்த்தபோது, சதைக்குள் பத்திரமாகப் போர்த்திக்கொண்டு கிடந்த அந்தச் சின்ன ஓட்டைப் பார்த்தபோது, முதலாளியின் முகமா ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள், கேட்டிருக்கவே கூடாது. ஒரு தடவை சுமந்த மீன் அடுத்த தடவை லேசில் சுமக்காதாம். உடம்பு கற்றுக்கொண்டுவிடுமாம். ஒட்ட வந்தால் உதிர்த்துவிடுமாம். வீட்டுக்குப் போய் அவர் ஆவுடையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். “என்ன, அப்படிப் பாக்கிய?” என்றாள். “ஒண்ணுமில்லளா.” “சோத்தைத் தின்னுங்க. நாளைக்கு நானும் வாரேன்.” கூட்டத்துக்கே வராதவள். எதற்கு என்று கேட்டார். “சோறு மஞ்சளா வடியுது. அதை வடிக்கது நானு. நான் வராம?” இப்போது அங்கே பெண்கள் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களோடு உட்கார்ந்திருக்கிறாள். நாலு வரிசை தள்ளி. துண்டறிக்கையை மடித்துத் தொடைக்கடியில் வைத்திருக்கிறாள், விசிறவில்லை. படித்திருப்பாளா. அவர் எழுதியதை அவள் படித்து அவர் பார்த்ததில்லை. அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியும்.

பம்ப்செட்டுக்காரர் உட்கார்ந்தார். அடுத்து வேலை கேட்கிற பையன் ஒருத்தன். ஆலை வந்தால் வேலை வரும் என்றான், பாவம், அவனுக்கு யாரோ சட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், மடிப்புக்கூடக் கலையவில்லை. கொம்பையாவின் கண் அவன்மேல் இல்லை. மேடை ஓரத்தில் ஆலைக்காரர்கள் கூட்டிவந்த நிபுணர் உட்கார்ந்திருந்தார். அரைக்கை சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி, அமைதியான ஆள். அவர் முன்னாலும் ஒரு இளஞ்சிவப்புத் தாள். அதில் பேனாவால் கோடு போட்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. எந்த வரியின் கீழே. கொம்பையா தன் துண்டறிக்கையை மனசுக்குள் மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தார். தடுப்பணை அருகே பிடிக்கப்பட்ட மீன்களில் என்று ஒரு வரி இருக்கிறது. இருக்கிறது. ஆதாரம் துல்லியமாக இருக்க வேண்டும் என்று தானே சேர்த்தது. அந்த ஆள் தலையைத் தூக்கி மண்டபத்தைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், மறுபடியும் தாளுக்குப் போனார். தெரிந்துவிட்டது அவருக்கு. மட்டிக்குஞ்சு என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா, அதைப் படித்துவிட்டுத்தானே அந்த நாற்காலிக்கு வந்திருக்கிறார். சண்டை போட மாட்டார். காத்துக்கொண்டிருக்கிறார். கிழவன் வாளியைத் திறக்கட்டும், செவுளைப் பிளக்கட்டும், சீழ் என்று கத்தட்டும். அப்புறம் எழுந்து, பெரியவருக்கு நன்றி, அவர் காட்டியது நன்னீர் மட்டியின் குஞ்சு, தண்ணீர் சுத்தமாக இருந்தால்தான் அது பிழைக்கும், எங்கள் ஆற்றுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா என்பார். கூட்டம் சிரிக்கும். முதலில் வேலை கேட்கிற பையன்கள் சிரிப்பார்கள். அப்புறம் எல்லாரும். அடி வாங்குவது வேறு, சிரிக்க விடுவது வேறு. நூற்பாலை வாசலில் ஒரு தடவை நடந்தது. ஏதோ ஒரு நாட்டில் நடந்த புரட்சியைச் சொல்லி நாட்டின் பேரை மாற்றிச் சொல்லிவிட்டார், சூப்பர்வைசர் ஒருத்தன் திருத்தினான், தன்னோடு வேலை பார்த்தவர்களே சிரித்தார்கள். அதற்கப்புறம் அந்த வாசலில் அவர் பேச்சு எடுபட ஒரு வருஷம் ஆனது. இப்போது ஒரு வருஷத்துக்கு எங்கே போவது. இன்றைக்கு இவர்கள் எழுதிக்கொள்ளுவதுதான் மேலிடத்துக்குப் போய்ச் சேரும். ஊர்க்காரர்கள் கொண்டுவந்த ஆதாரம் பொய் என்று எழுதிவிட்டால் அதோடு கிணறும் போயிற்று, ஆறும் போயிற்று, மஞ்சள் சோற்றையே தின்ன வேண்டியதுதான்.

சரி, சீழ் என்று சொல்லாமல் விட்டால். வாளியைத் திறக்காமல் வேறு எதையாவது பேசிவிட்டு உட்கார்ந்தால். பேசலாம். பேச்சுக்கா பஞ்சம். ஆனால் நிபுணர் விடமாட்டார், தாளைத் தூக்கிக் காட்டி, இது உங்களுடையதுதானே என்பார். வாளிக்குள் இன்னொன்றும் இருக்கிறது. சொரிமுத்துவுக்குத் தெரியாது. தனியாகப் பாலிதீனில் சுற்றி அடியில் போட்டிருக்கிறார். ஒரே ஒரு உளுவை. ஆலைக்குக் கிழக்கே, கழிவு வந்து விழுகிற இடத்துக்குக் கீழே ஜெசிந்தா பிடித்தது. பல மாசமாக ஆற்றில் மேலும் கீழும் அலைந்து பார்த்திருக்கிறாள். ஆலைக்கு மேலே எல்லா மீனிலும் குருணை இருக்கிறது, கீழே ஒன்றில்கூட இல்லை. கீழே மணலைத் தோண்டினால் மட்டி கிடக்கிறது, எல்லாம் வெறும் ஓடு. இரண்டு கிண்ணத்தில் குஞ்சுகளை வைத்துக் காட்டினாள். ஒன்றில் ஆற்றுத் தண்ணீர், ஒன்றில் ஆலை வாய்க்கால் தண்ணீர் கலந்தது. இரண்டிலும் ஒரு சிட்டிகை உப்பு போட்டாள். முதல் கிண்ணத்தில் எல்லாக் குஞ்சும் சட்டென்று வாயை மூடின. அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்ததில் ஒன்றுமே அசையவில்லை. எல்லாம் திறந்தபடி கிடந்தன. “உசிரோட இருந்தா உப்பு பட்டதும் மூடும் ஐயா. இது செத்துப்போச்சு.” நீயே வந்து இதைச் சொல்லேன் என்றார். அவள் கதவைப் பார்த்தாள். பேராசிரியர் போகக் கூடாது என்று சொல்லிவிட்டாராம், போனால் படிப்பு முடியாதாம். “நீங்க சொல்லுங்க. என் பேரு வேண்டாம். நீங்க சொன்னா ஊரு கேட்கும்.” நீங்க சொன்னா ஊரு கேட்கும். அந்தப் பிள்ளைக்கு ஊரைத் தெரியவில்லை. ஊர் எதைக் கேட்கும். நாற்றத்தைக் கேட்கும், சீழைக் கேட்கும். சுத்தமான சிவப்புச் செவுளைத் தூக்கிக் காட்டி, பாருங்கள், இதில் ஒன்றுமே இல்லை, இதுதான் நோய் என்றால் எவனுக்குக் கோபம் வரும். அழுகலைக் காட்டித்தான் அவர் இத்தனை காலம் பிழைத்திருக்கிறார். இல்லாததைக் காட்டி ஒரு கூட்டத்தைக் கிளப்ப அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, எந்தப் பிரசுரத்திலும் அதற்கு வழி எழுதியிருக்கவில்லை. அதுவும் யாரோ ஒரு பெண் கண்டுபிடித்ததை. தன் வாயில் இன்னொருத்தர் சொல்லைத் தூக்கிக்கொண்டு போய் அவர் எங்கேயும் நின்றதில்லை. தன்னைச் சுமந்தவர்கள் உண்டு. தான் சுமந்ததில்லை. நெஞ்சுக்கான மாத்திரை சட்டைப் பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை, எடுத்தால் சொரிமுத்து பார்ப்பான், தண்ணீர் கேட்க வேண்டும், எழுந்திருக்க முடியாத கிழவன் என்று தெரிந்துபோகும். ஒரு வேளை பேரைக் கூப்பிடாமலே நேரம் முடிந்துவிட்டால். மின்சாரம் போய்விட்டால். இந்த வயசில், இந்த மண்டபத்தில், மின்சாரம் போக வேண்டும் என்று கொம்பையா வேண்டிக்கொண்டிருந்தார்.

“கீழக்கல்மடை, கொம்பையா.” பேரை வாசித்தவன் சாதாரணமாக வாசித்தான். கைதட்டல் எழும்பியது, விசில் வந்தது, யாரோ தோழர் வாழ்க என்று இழுத்தார்கள். சொரிமுத்து செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான். வாளி கனத்தது, ஒரு கையால் தூக்கியவர் பாதியில் கையை மாற்றிக்கொண்டார், ஐஸ் தண்ணீர் வேட்டியில் சிந்தியது. மேசையில் வைத்தார். அதிகாரி நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நிபுணர் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டார். அந்த மூடி கழன்ற சத்தம் கொம்பையாவுக்குக் கேட்டது, இத்தனை இரைச்சலிலும் கேட்டது. சாக்கை உருவினார். கையை உள்ளே விட்டார். விரல் மரத்துப்போகிற குளிர். மேலே கெண்டைகள் வழுக்கின, எதை எடுத்தாலும் எடுக்கலாம். விரல்கள் அவற்றைத் தள்ளிக்கொண்டு அடிக்குப் போயின, பாலிதீனைத் தொட்டன, அதைப் பிடித்துக்கொண்டன. மற்றக் கையில் ஒரு கெண்டை. இரண்டையும் தூக்கிக்கொண்டு மைக்கு முன்னால் போய் நின்றார். “இந்தத் துண்டறிக்கையில சீழுன்னு எழுதியிருக்கேன். எழுதினது நான்தான். அது சீழ் இல்லை.” விசிறிக்கொண்டிருந்த தாள்கள் நின்றன. ஒன்று, அப்புறம் அதன் பக்கத்தில் ஒன்று, அப்புறம் மண்டபம் முழுக்க. “என்ன அண்ணாச்சி சொல்லுதிய?” என்று பக்கத்திலிருந்து சொரிமுத்து கேட்டான், செல்போன் இன்னும் தூக்கினபடியே இருந்தது. “இது மட்டிக்குஞ்சு. மீனோட செவுள்ல ஒட்டி வளரும். மீனுக்கு ஒண்ணும் ஆகாது. இந்த மீனு ஆலைக்கு மேக்கே பிடிச்சது. அங்க தண்ணி நல்லா இருக்கு, அதனால இது இருக்கு.” நிபுணர் நிமிர்ந்தார். அவர் அடிக்கோடு போட்டு வைத்திருந்த வரி காலடியிலிருந்து உருவப்பட்டது மாதிரி ஒரு முகம். அந்த முகத்தைப் பார்த்து ஒரு நொடி கொம்பையாவுக்குப் பழைய தெம்பு வந்தது. அடுத்த நொடி போய்விட்டது, கூட்டத்தின் பின்னாலிருந்து குரல் வந்தது. “எவ்வளவு வே வாங்கினேரு?” யாரென்று தெரியவில்லை. இன்னொரு குரல், “தண்ணி நல்லா இருக்காம்லா.” “ஆலைக்காரன் வீட்டுத் தண்ணியைக் குடிச்சிட்டு வந்திருக்காரு.” சொரிமுத்து செல்போனை இறக்கினான். அவன் கண்ணில் இருந்தது கோபம் இல்லை, அதைத் தாங்கியிருக்கலாம். “நேத்து டவுனுக்குப் போனியளே” என்றான் மெதுவாக, ஆனால் மைக்கு வாங்கி மண்டபம் முழுக்கச் சொன்னது, “பேசி முடிச்சிட்டியளோ?” பேச்சை மாற்றுகிறவனைக் கண்டால் முதலில் அவன் மடியைத் தடவிப் பாருங்கள். இதை இவர்களுக்குச் சொன்னது யார். ஊர் ஊராகப் போய், தெருத்தெருவாக நின்று, தொண்டை கிழியச் சொன்னது யார். நன்றாகப் படித்திருக்கிறார்கள். ஒரு பாடத்தைக்கூட மறக்கவில்லை. அவர் வாயைத் திறந்தார், கிழக்கே பிடித்த மீன் கையிலேயே இருந்தது, சொல்ல வேண்டியது இந்த இரைச்சலில் எங்கே போய் ஒட்டும், ஒருத்தன் முகமும் அகப்படவில்லை, எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. உட்காருங்க உட்காருங்க என்று அதிகாரி மேசையைத் தட்டினார். அப்போது பெண்கள் பக்கத்தில் ஆவுடையம்மாள் எழுந்து நின்றாள். மைக்கு இல்லை, தேவைப்படவும் இல்லை, சந்தையில் பேசுகிற குரல். “எலே சொரிமுத்து. அவருக்கு எவனாவது குடுத்திருந்தா அது எங்கிட்டல்லா வந்திருக்கணும். நானும் கழுத்துல தாலி ஏறின நாள்லேர்ந்து எவனாவது குடுக்க மாட்டானா, குடுக்க மாட்டானான்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒண்ணும் வந்தபாடில்ல. இவரை எவன்லே விலைக்கு வாங்குவான், கூட்டிட்டுப் போனா சோறு போடணும்லா?”

முதலில் பீடிக்காரப் பெண்கள் சிரித்தார்கள். அப்புறம் அது ஆண்கள் பக்கத்துக்குத் தாவியது, விசில் அடித்தவன் சிரித்தான், சட்டை மடிப்புக் கலையாத பையன் சிரித்தான், எழுதிக்கொண்டிருந்த ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள், அதிகாரி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். சொரிமுத்துகூட, மனசில்லாமல், ஒரு பக்க வாயால். “அவ சொல்லுததும் வாஸ்தவந்தான்” என்று யாரோ சொன்னார்கள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. கொம்பையா நடுவில் நின்றார், இரண்டு கையிலும் மீன், ஐஸ் தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகிச் சட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆயுசு முழுக்க எதற்குப் பயந்தாரோ அதன் நடுவில் நின்றார், செத்துப்போகவில்லை. அவளைப் பார்த்தார். அவள் அதற்குள் உட்கார்ந்துவிட்டாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்திலிருந்தவளிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள், மேடைப் பக்கமே திரும்பவில்லை. சிரிப்பு இறங்கத் தொடங்கியது. இறங்கினால் பழைய சந்தேகம் மறுபடியும் ஏறி வரும், அதற்கு முன்னால் இருப்பது ஒரு மூச்சு நேரம், அது அவருக்குத் தெரியும், அது ஒன்றுதான் அவருக்கு நன்றாகத் தெரிந்த தொழில். முகங்கள் இளகியிருந்தன. அவளால் இளகியவை. பாலிதீனைப் பல்லால் கிழித்தார், உளுவையின் செவுளைப் பெருவிரலால் விரித்தார். “இது ஆலைக்குக் கிழக்கே பிடிச்சது” என்றார். “யாரு வேணும்னாலும் வந்து பாருங்க. இதுல ஒண்ணுமே ஒட்டலை.” முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து வந்தாள், அவள் பின்னால் இன்னொருத்தி, இரண்டு பேரும் பீடிக்காரப் பெண்கள், கொம்பையாவின் முகத்தைப் பார்க்காமல் மீனைப் பார்த்தார்கள். நிபுணர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், கூட்டம் அவரை உட்காரச் சொன்னது. கொம்பையா பேசினார். உப்பைப் பற்றிச் சொன்னார், திறந்தபடியே கிடந்த வாய்களைப் பற்றிச் சொன்னார், மணலுக்குள் கிடக்கும் வெறும் ஓடுகளைப் பற்றிச் சொன்னார். கூட்டம் கேட்டது. தனக்காக அது கேட்கவில்லை, ஆவுடைக்காகத்தான் கேட்கிறது என்பது பேசப் பேச அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது, பேச்சை நிறுத்தவில்லை.